பன்றி முடியும் வங்கியின் வாக்கும்: எல்.சி. பணத்தை நீதிமன்றம் எப்போது நிறுத்தும்?

1941ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஒரு வழக்கு. ஸ்டெய்ன் என்ற வியாபாரி, லக்னோவில் இருந்த டிரான்ஸீ டிரேடர்ஸ் என்ற நிறுவனத்திடம் பன்றி முடி வாங்க ஒப்பந்தம் போட்டிருந்தார். பிரஷ் செய்வதற்கு அந்தக் காலத்தில் பன்றியின் முரட்டு முடிதான் நல்ல மூலப்பொருள். லக்னோ நிறுவனம் அனுப்பிய ஐம்பது பெட்டிகள் கப்பலேறின. கப்பல் நிறுவனம், சரக்கை ஏற்றிக்கொண்டதற்கான ரசீதான பில் ஆஃப் லேடிங்கைக் கொடுத்தது; விற்றவர் இன்வாய்ஸ் எழுதினார். இரண்டு காகிதங்களிலும் பன்றி முடி என்றே இருந்தது. பெட்டிகளுக்குள் இருந்ததோ மாட்டு முடியும் குப்பையும் என்பது ஸ்டெய்னின் புகார்.

காகிதங்கள் கான்பூரில் இருந்த சார்ட்டர்ட் வங்கி வழியாக நியூயார்க் வந்து சேர்ந்தன. பணம் கொடுக்க வேண்டியது ஜே. ஹென்றி ஷ்ரோடர் என்ற வங்கி. காகிதங்கள் சரியாக இருந்தால் பணம் தருகிறேன் என்று அது முன்பே எழுதிக் கொடுத்துவிட்டது. காகிதங்களில் குறை எதுவும் இல்லை. பெட்டியில்தான் குறை. வங்கி பணம் கொடுக்கக் கூடாது என்று தடை போடுங்கள் என்று ஸ்டெய்ன் நீதிமன்றத்துக்கு ஓடினார்.

உத்தரப் பிரதேசத்திலிருந்து போன ஐம்பது பெட்டிக் குப்பை, உலக வணிகச் சட்டத்துக்கு ஒரு விதியைக் கொடுத்துவிட்டது. லண்டனோ டெல்லியோ சிங்கப்பூரோ, எல்.சி. பணத்தை நிறுத்தச் சொல்லி யார் நீதிமன்றப் படியேறினாலும் வக்கீல்கள் முதலில் எடுத்து வைப்பது இந்த வழக்கைத்தான். ஆனால் அதை எடுத்து வைப்பவர்களில் பலர், அதில் ஸ்டெய்னுக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அதைப் பிறகு பார்ப்போம். முதலில் எல்.சி. என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்.சி. யார் கொடுக்கும் வாக்கு?

கடன் உறுதிக் கடிதம் என்று பாடநூல்கள் எழுதும். வணிகர்களும் வங்கிக்காரர்களும் எல்.சி. என்றுதான் சொல்வார்கள். பெயரில் கடன் என்று இருப்பதால் கடன் பத்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு வேறு நாடுகளில் இருக்கும், ஒருவரை ஒருவர் நம்பாத இருவர் வியாபாரம் செய்துகொள்வதற்கான ஏற்பாடு அது. விற்பவருக்குச் சரக்கை முதலில் அனுப்பப் பயம். வாங்குபவருக்குப் பணத்தை முதலில் அனுப்பப் பயம். ஆகவே வாங்குபவர் தன் வங்கிக்குப் போகிறார். அந்த வங்கி விற்பவருக்கு எழுதுகிறது: இன்ன ஆவணங்களை இன்ன தேதிக்குள் கொண்டுவந்து கொடுங்கள், நானே பணம் தருகிறேன்.

"நானே" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வாங்குபவர் தரச் சொன்னால் தருகிறேன் என்று வங்கி சொல்லவில்லை. வாங்குபவர் திவாலானாலும், சண்டை பிடித்தாலும், மனம் மாறினாலும் வங்கி தன் வாக்கைக் காப்பாற்றியாக வேண்டும். இங்கே மூன்று ஒப்பந்தங்கள் தனித்தனியாக நிற்கின்றன. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையில் ஒன்று. வாங்குபவருக்கும் அவருடைய வங்கிக்கும் இடையில் ஒன்று. வங்கிக்கும் விற்பவருக்கும் இடையில் ஒன்று. முதலாவதில் நடக்கும் சண்டை மூன்றாவதின் காதில் விழாது. விழக் கூடாது என்பதற்காகவே அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

இதற்கு உலகப் பொதுவிதி ஒன்று உண்டு. பாரிஸில் உள்ள சர்வதேச வர்த்தகச் சபை 1933 முதல் வெளியிட்டுவரும் தொகுப்பின் இப்போதைய வடிவம் யு.சி.பி. 600, 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 39 பிரிவுகளில் 4ஆம் பிரிவு, எல்.சி. வேறு, வணிக ஒப்பந்தம் வேறு என்கிறது. 5ஆம் பிரிவு, வங்கிகள் கையாள்வது ஆவணங்களையே, சரக்குகளை அல்ல என்கிறது. ஆவணங்கள் வந்தபின் அவற்றைச் சரிபார்க்க வங்கிக்குக் கிடைப்பது அதிகபட்சம் ஐந்து வங்கி வேலைநாட்கள். ஆவணம் உண்மையா போலியா என்பதற்கு வங்கி பொறுப்பேற்காது என்று 34ஆம் பிரிவு கைகழுவிவிடுகிறது. விற்பவர் மோசடி செய்தால் பணத்தை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு மட்டும் அந்தத் தொகுப்பில் பதில் கிடையாது. அது அந்தந்த நாட்டு நீதிமன்றங்களின் தலையில் விழுந்த வேலை.

வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் ஆவணம் சரிபார்ப்பவரின் மேசையருகே அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் இந்த ஏற்பாட்டின் குணம் பிடிபடும். இடப்பக்கம் எல்.சி.யின் நகல், வலப்பக்கம் வந்திருக்கும் ஆவணக் கட்டு. விரல் வரிவரியாக இறங்குகிறது. நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறதா? இன்வாய்ஸில் உள்ள எடையும் பேக்கிங் லிஸ்ட்டில் உள்ள எடையும் ஒத்துப்போகின்றனவா? சரக்கு கப்பலில் ஏறிய தேதி, எல்.சி.யில் சொன்ன கடைசித் தேதியைத் தாண்டிவிட்டதா? காப்பீடு கப்பல் புறப்பட்ட பிறகு எடுத்ததா? பில் ஆஃப் லேடிங்கின் மூன்று அசல் பிரதிகளும் இருக்கின்றனவா? இவற்றில் ஒன்று பிசகினாலும் அவர் பணத்தை நிறுத்தலாம். ஆனால் துறைமுகத்தில் நிற்கும் கண்டெய்னருக்குள் செம்புக்குப் பதில் கல் இருக்கிறதா என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கடமையும் கிடையாது. ஓர் இலக்கம் தவறினால் நிற்கும் பணம், சரக்கே கல்லாக இருந்தாலும் போய்விடும். முதல்முறை கேட்பவர்களுக்கு இது அநியாயமாகத்தான் படும்.

சென்னையிலிருந்து டெல்லி போன வழக்கு

அநியாயமாகப் படுவதை நீதிமன்றம் ஏன் அனுமதிக்கிறது? இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடிப் போக வேண்டாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு ஒன்று இருக்கிறது. மேற்கு வங்கத்தில் ஃபரக்கா அணைத் திட்டத்துக்குக் கால்வாய் வெட்டும் வேலையை எடுத்திருந்த சென்னை நிறுவனம் தாராபூர் அண்ட் கம்பெனி. மண் வேலைக்கான இயந்திரங்களை அது மாஸ்கோவின் டிராக்டர்ஸ் எக்ஸ்போர்ட் என்ற அமைப்பிடம் வாங்கியது. எல்.சி. கொடுத்தது பேங்க் ஆஃப் இந்தியா. இயந்திரங்கள் வந்தன, ஆனால் சொன்னபடி வேலை செய்யவில்லை என்பது தாராபூர் தரப்பின் குறை. எல்.சி. பணம் மாஸ்கோவுக்குப் போகக் கூடாது என்று வழக்கு. தனி நீதிபதி இடைக்காலத் தடை கொடுத்தார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கியது. உச்ச நீதிமன்றமும் நீக்கியது சரிதான் என்றது.

அப்போது உச்ச நீதிமன்றம் சொன்ன காரணம், பின்னால் வந்த எல்லா இந்தியத் தீர்ப்புகளிலும் எதிரொலிக்கிறது. எல்.சி. என்பது சர்வதேச வணிகத்தில் மிக முக்கியமான ஏற்பாடு; அதில் கைவைத்தால் இந்த நாட்டின் வெளிநாட்டு வணிகமே பாதிக்கப்படும்; மிக அரிதான சூழ்நிலை தவிர நீதிமன்றங்கள் தலையிடக் கூடாது. 1977இல் இங்கிலாந்தில் நீதிபதி கெர் இதையே, வங்கிகளின் இந்த உறுதிமொழிகள் சர்வதேச வணிகத்தின் உயிர்க் குருதி என்று எழுதினார்.

பெரிய வார்த்தைகளை ஒதுக்கிவிட்டுக் கணக்காகவே பார்க்கலாம். இந்திய வங்கி கொடுத்த எல்.சி.யை எந்த ஊர் நீதிமன்றமும் ஒரு மனுவில் நிறுத்திவிடும் என்ற பெயர் பரவினால், வெளிநாட்டு விற்பனையாளர் என்ன செய்வார்? உங்கள் வங்கியின் வாக்கு எனக்குப் போதாது, என் ஊர் வங்கி ஒன்றும் அதை உறுதி செய்ய வேண்டும் என்பார். அந்த உறுதிக்குக் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணத்தைக் கட்டப்போகிறவர், எந்த வம்பும் செய்யாத அடுத்த இறக்குமதியாளர். தாராபூரின் குறை நியாயமாகவே இருந்திருக்கலாம். அதை அவர்கள் மாஸ்கோவோடு பேசித் தீர்க்க வேண்டும். வங்கியை இழுக்கக் கூடாது. முதலில் பணம், பிறகு வழக்கு என்பதுதான் எல்.சி.யின் ஒழுங்கு.

ஷியன்டாக் சொன்னது

இப்போது பன்றி முடிக்குத் திரும்புவோம். வழக்கை விசாரித்த நீதிபதி ஷியன்டாக். அவர் அமர்ந்திருந்தது நியூயார்க் சுப்ரீம் கோர்ட். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அந்த மாநிலத்தில் அது விசாரணை நீதிமன்றம்தான், அதற்கு மேலே இன்னும் இரண்டு படிகள் உண்டு. ஒரு விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு உலகம் சுற்றியது அபூர்வம்.

அவர் முதலில் பழைய விதியை அப்படியே ஒப்புக்கொண்டார். சரக்கு தரம் குறைந்தது என்ற புகாருக்காக வங்கியை நிறுத்த முடியாது. ஆனால் இங்கே வந்தது மட்டமான பன்றி முடி அல்ல. பன்றி முடியே அல்ல. சரக்குபோல் தோன்ற வேண்டும் என்றே குப்பையைப் பெட்டியில் அடைத்து அனுப்பியதாகப் புகார். அப்படியானால் இன்வாய்ஸும் பில் ஆஃப் லேடிங்கும் பொய்யான சரக்கைப் பற்றிய பொய்யான காகிதங்கள். பணம் போகும் முன்பே அந்த மோசடி வங்கிக்குத் தெரியவந்திருக்கிறது. இந்த நிலையிலும் மோசடி செய்தவரைக் காப்பாற்ற, எல்.சி. தனி, வணிகம் தனி என்ற விதியை நீட்டக் கூடாது என்றார். ஆங்கிலேய நீதிமன்றங்கள் இதற்கு மோசடி விதிவிலக்கு என்று பெயர் வைத்துவிட்டன.

சொல்லாமல் விடப்படும் இரண்டு செய்திகள் இங்கேதான் இருக்கின்றன. ஒன்று: வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யுங்கள் என்று சார்ட்டர்ட் வங்கி போட்ட மனுவின் மீதுதான் ஷியன்டாக் எழுதினார். அந்தக் கட்டத்தில் வழக்காளி சொல்வது எல்லாம் உண்மை என்று வைத்துக்கொண்டே நீதிபதி பார்ப்பார். ஆகவே பெட்டியில் குப்பை இருந்தது என்பது அங்கே நிரூபிக்கப்படவில்லை. நிரூபிக்க வேண்டிய கட்டாயமும் வரவில்லை. இரண்டு: சார்ட்டர்ட் வங்கி தன் கைப்பணம் கொடுத்து ஆவணங்களை வாங்கவில்லை, டிரான்ஸீக்காகப் பணம் வசூலித்துத் தரும் முகவராக மட்டுமே வந்திருந்தது. நல்லெண்ணத்தில் முன்பணம் கொடுத்த வங்கியாக அது இருந்திருந்தால் கதை வேறு என்று ஷியன்டாக்கே சொல்லியிருக்கிறார்.

எவ்வளவு வேறு என்பதற்கு 1975இல் லண்டனில் வந்த வழக்கு ஒன்றே போதும். டிஸ்கவுண்ட் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கடை பிரான்ஸிலிருந்து தட்டுகளும் கேசட்டுகளும் வரவழைத்தது. வந்து சேர்ந்தவை 94 அட்டைப் பெட்டிகள். வங்கி அதிகாரி உடன் இருக்கப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு காலி. ஐந்தில் குப்பை. பல பெட்டிகள் பாதிதான் நிரம்பியிருந்தன. கேட்டது ஒன்று, வந்தது இன்னொன்று. ஸ்டெய்ன் வழக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நிறுவனம் தடை கேட்டது. நீதிபதி மெகாரி மறுத்துவிட்டார்.

பிரித்துப் பார்த்த பிறகும் எதற்காக மறுத்தார்? ஸ்டெய்ன் வழக்கில் மோசடி உண்மை என்று வைத்துக்கொண்டு பார்த்தார்கள். இங்கே மோசடி என்பது இன்னும் குற்றச்சாட்டுதான், நிறுவப்படவில்லை என்றார். அதோடு உண்டியல், அதாவது விற்பவர் பணம் கேட்டு எழுதிய மாற்றுச் சீட்டு, கைமாறி, எந்தத் தவறும் அறியாமல் பணம் கொடுத்த மூன்றாமவர் கையில் இருக்கக்கூடும். மேலும் வங்கி தப்பாகப் பணம் கொடுத்தால் வாடிக்கையாளர் வங்கிமீதே வழக்குப் போட்டு ஈடு வாங்கலாம், வங்கி ஓடிவிடாது. இந்த மூன்றாவது காரணம் ஆரம்பநிலை வாசகர்கள் கவனிக்காமல் தாண்டிவிடுவது. ஆனால் நடைமுறையில் பல தடை மனுக்கள் விழுவது இதில்தான். பணத்தால் ஈடுகட்டக்கூடிய நஷ்டத்துக்குத் தடை எதற்கு என்பது தடைச் சட்டத்தின் அடிப்படைக் கேள்வி.

ஒரே ஒரு நாள் பொய்

அடுத்த கேள்வி, யார் செய்த மோசடி? இதில், அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1982இல் கொடுத்த தீர்ப்பு எனக்கு இன்றும் நெருடுகிறது. பெரு நாட்டு நிறுவனம் ஒன்று கண்ணாடி இழை செய்யும் இயந்திரங்களை இங்கிலாந்திலிருந்து வாங்கியது. எல்.சி.யின்படி 1976 டிசம்பர் 15க்குள் சரக்கு கப்பலேறியிருக்க வேண்டும். உண்மையில் ஏறியது 16ஆம் தேதி, அமெரிக்கன் அகார்ட் என்ற கப்பலில். பில் ஆஃப் லேடிங்கிலோ 15 என்று தேதி போடப்பட்டிருந்தது. போட்டவர், கப்பல் தரப்பின் சரக்கேற்றுத் தரகரிடம் வேலை பார்த்தவர். விற்பவருக்கு அது பொய் என்று தெரியாது.

எல்.சி.யை உறுதி செய்திருந்த ராயல் பேங்க் ஆஃப் கனடா பணம் தர மறுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆவணம் பொய்யானது, யார் பொய் எழுதியிருந்தால் என்ன என்று வங்கியின் பக்கம் நின்றது. பிரபுக்கள் சபையில் டிப்ளாக் பிரபு அதைப் புரட்டினார். பணம் கேட்பவரே பொய் சொல்கிறார் என்றால்தான் விதிவிலக்கு. தெரியாமல் பொய்க் காகிதத்தைக் கொண்டுவந்தவருக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். (இதே வழக்கில் இன்னொரு தமாஷ்: பெருவின் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டிலிருந்து டாலர் கடத்துவதற்காக விலையை இரட்டிப்பாகப் போட்டிருந்தார்கள். அந்த உபரிப் பாதியை வசூலித்துத் தர நீதிமன்றம் மறுத்துவிட்டது.)

டிப்ளாக்கின் வாதம் தெளிவானது: மோசடி செய்தவர் தன் மோசடியால் லாபம் பெற நீதிமன்றம் உதவாது என்பதே விதிவிலக்கின் வேர், மோசடி செய்யாதவருக்கு அந்த வேர் எப்படிப் பொருந்தும்? ஆனால் வங்கியின் இடத்தில் நின்று யோசித்தால், பொய் என்று தெரிந்த காகிதத்துக்குப் பணம் கொடு என்கிறார்கள். அந்தக் காகிதத்தைத்தான் அந்த வங்கி தன் அடமானமாக வைத்திருக்கிறது. ஒரு நாள் வித்தியாசம் என்பதால் யாருக்கும் வலிக்கவில்லை. முழுப் போலியான பில் ஆஃப் லேடிங்காக இருந்தால் என்ன செய்வது என்பதை டிப்ளாக் பிரபு தொடாமல் விட்டுவிட்டார். அமெரிக்கா இந்தக் கேள்வியை வேறுவிதமாகக் கையாண்டது. 1995இல் திருத்தப்பட்ட அவர்களுடைய வணிகச் சட்டத் தொகுப்பின் 5-109 பிரிவு, பொய் யாருடையது என்று கேட்பதற்கு முன், ஆவணம் போலியா, அல்லது முக்கியமான விஷயத்தில் மோசடியானதா என்று கேட்கிறது. ஒரு நாள் தேதிப் பொய் அங்கே முக்கியமானதாகக் கருதப்படுமா என்பதே சந்தேகம்.

சிங்கப்பூரில் இந்தக் கேள்வி அண்மையில் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. ஹின் லியோங் என்ற எண்ணெய் வணிக நிறுவனம் 2020இல் சரிந்தபோது, அதோடு பல எல்.சி.களும் தகராறில் விழுந்தன. வின்சன் ஆயில் என்ற நிறுவனம் தான் விற்ற எண்ணெய்க்காகப் பணம் கேட்டது. ஆவணங்களில் சொன்ன சரக்கு கப்பலில் ஏறவே இல்லை என்று இரண்டு வங்கிகள் மறுத்தன. 2024இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் வங்கிகள் பக்கம் நின்றது. தான் சொல்வது உண்மையா பொய்யா என்று கவலைப்படாமல் கையெழுத்துப் போடுவதும் மோசடிக்குள் அடங்கும் என்பது அந்தத் தீர்ப்பின் செய்தி. டிப்ளாக் திறந்து வைத்த வாசல் கொஞ்சம் ஒடுங்கியது என்று சொல்லலாம்.

எவ்வளவு நிரூபிக்க வேண்டும்?

இந்தியாவில் இந்தச் சட்டம் பெரும்பாலும் எல்.சி.யின் உடன்பிறப்பான வங்கி உத்தரவாத வழக்குகளில்தான் வளர்ந்தது. இரண்டுக்கும் ஒரே அளவுகோல். உத்தரவாதம் என்றால், ஒப்பந்தக்காரர் வேலையை முடிக்கவில்லை என்று எதிர்த்தரப்பு ஒரு கடிதம் எழுதிக் கேட்டாலே வங்கி பணம் கட்டிவிடும். அலிகார் மாவட்டத்தில் வனஸ்பதி ஆலை ஒன்றுக்காகக் கொடுத்த உத்தரவாதங்களைப் பற்றிய யு.பி. கூட்டுறவு சம்மேளன வழக்கில், உச்ச நீதிமன்றம் 1987இல் பழைய ஆங்கிலத் தீர்ப்புகளை எல்லாம் அலசி, வலுவான மோசடி கண்ணுக்குத் தெரிந்தால் ஒழிய வங்கியை நிறுத்தாதே என்று முடித்தது. 1997இல் வெளியான சுமாக் இன்டர்நேஷனல் தீர்ப்பு இன்னும் இறுக்கியது: மோசடி, பரிவர்த்தனை முழுவதையும் அடியோடு கெடுக்கும் அளவுக்குக் கொடியதாக இருக்க வேண்டும். 2007இல் ஹிமாத்ரி கெமிக்கல்ஸ் வழக்கில் இவற்றை ஆறு கோட்பாடுகளாகத் தொகுத்துத் தந்தது, அதுவும் எல்.சி. வழக்குதான். இப்போது வக்கீல்கள் வாதத்தைத் தொடங்குவது அந்த ஆறிலிருந்து.

மோசடியோடு இன்னொரு கதவும் உண்டு: மீட்கவே முடியாத அநியாயம். இது பெயரளவுக் கதவு என்றுதான் சொல்ல வேண்டும். சுமாக் வழக்கில், எதிர்த்தரப்பான சர்க்கரைக் கழகம் நலிவடைந்த நிறுவனம், இப்போது பணம் போனால் நாளை வழக்கில் ஜெயித்தாலும் திரும்பி வராது என்று சொல்லிப் பார்த்தார்கள். அது போதாது என்றது நீதிமன்றம். 1979 புரட்சிக்குப் பிறகு ஈரானில் வழக்கே போட முடியாமல் நின்ற ஓர் அமெரிக்க நிறுவனத்தின் நிலைமைதான் உச்ச நீதிமன்றம் காட்டிய உதாரணம். ஒரு நாட்டில் புரட்சி நடந்திருக்க வேண்டும் என்றால் எவ்வளவு குறுகலான கதவு என்று புரிந்துகொள்ளலாம்.

எதிர்முனையில், விதியின் கடுமை எங்கே வரை போகும் என்பதற்கு எட்வர்ட் ஓவன் வழக்கு. லிபியாவில் பசுமைக்குடில்கள் கட்டித்தர ஒப்புக்கொண்ட ஆங்கில நிறுவனம் அது. லிபியத் தரப்பு தான் திறக்க வேண்டிய எல்.சி.யையே ஒழுங்காகத் திறக்கவில்லை. ஆனாலும் உத்தரவாதப் பணத்தைக் கொடு என்று கேட்டது. டென்னிங் பிரபு நிலைமையைப் புரிந்துகொண்டார், ஆனால் தடை கொடுக்கவில்லை. வங்கிக்குத் தெளிவாகத் தெரிந்த மோசடி இருந்தால்தான் நிறுத்தலாம்; எதிரி நியாயமில்லாமல் நடந்துகொள்வது அந்த அளவுக்கு வராது.

யார் முந்துகிறார்

சட்டத்தைவிடக் கடிகாரம்தான் இந்த வழக்குகளில் அதிகம் தீர்மானிக்கிறது. ஆவணம் காட்டியதும் பணம் கொடுக்கும் வகை எல்.சி.யில் வாங்குபவருக்கு மூச்சுவிட நேரமில்லை. சரக்குத் துறைமுகம் சேரும் முன்பே பணம் போய்விடும். 90 நாள், 180 நாள் தவணை எல்.சி.யில் நேரம் இருப்பதுபோல் தெரியும். சரக்கைப் பிரித்துப் பார்த்து, குப்பை என்று கண்டு, தடை வாங்கலாம். ஆனால் விற்பவர் அதற்குள் அந்தத் தவணைப் பணத்தை வேறொரு வங்கியிடம் தள்ளுபடிக்கு விற்றுக் காசாக்கியிருப்பார். இப்போது எதிரே நிற்பது மோசடிக்காரர் அல்ல, ஏமாந்த இன்னொரு வங்கி.

சாண்டாண்டர் வங்கிக்கு இதுதான் நடந்தது. 1998இல் பாரிபா வங்கி கொடுத்த 180 நாள் தவணை எல்.சி.யை அது உறுதி செய்து, பேஃபெர்ன் என்ற பயனாளிக்குத் தள்ளுபடியில் உடனே பணமும் கொடுத்துவிட்டது. தொகை இரண்டு கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. தவணை வருவதற்கு முன் ஆவணங்கள் மோசடி என்று தெரிந்தது. 2000இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், முன்கூட்டியே பணம் கொடுக்கும்படி உன்னிடம் யாரும் சொல்லவில்லை, நீ மோசடிக்காரரின் உரிமையைத்தான் விலைக்கு வாங்கியிருக்கிறாய் என்று சாண்டாண்டர் தலையிலேயே நஷ்டத்தை வைத்தது. வங்கி உலகம் அதிர்ந்தது. ஏழு வருடத்தில் யு.சி.பி. 600 வந்தபோது, தவணைக்கு முன்பே பணம் கொடுக்க நியமிக்கப்பட்ட வங்கிக்கு அதிகாரம் உண்டு என்று 12ஆம் பிரிவில் எழுதிச் சேர்த்துவிட்டார்கள். வாங்குபவருக்கு அந்த வாசல் அதோடு அடைபட்டது.

நம் ஊரில் இந்த மனு எப்படிப் போகிறது? உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் ஆணை, 1, 2 விதிகளின்கீழ் இடைக்காலத் தடை கேட்க வேண்டும். வங்கியையும் விற்பவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பார்கள். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலை, வங்கியின் ஐந்து நாள் கெடு முடியும் தறுவாயில். மோசடி என்று ஒரு சொல் எழுதினால் போதாது. யார், எப்போது, எந்த ஆவணத்தில், எப்படி என்று விவரம் சொல்ல வேண்டும் என்பது 6ஆம் ஆணையின் 4ஆம் விதி. எதிர்த்தரப்பைக் கேட்காமல் தடை கொடுத்தால் நீதிபதி அதற்குக் காரணம் எழுத வேண்டும். அந்த மனுவை முப்பது நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும். வம்பு வரும் என்று மோப்பம் பிடித்த விற்பவரோ, வங்கியோ முன்கூட்டியே கேவியட் (எங்களைக் கேட்காமல் உத்தரவிடாதீர்கள் என்ற மனு) போட்டு வைத்தால், அவர்களைக் கேட்காமல் உத்தரவு போகாது. அது 90 நாள் செல்லும்.

தடை கிடைத்தாலும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. இந்திய நீதிமன்றத்தின் உத்தரவு இந்திய வங்கியைத்தான் கட்டும். உறுதி செய்த வங்கி லண்டனிலோ துபாயிலோ இருந்தால், அது விற்பவருக்குக் கொடுத்துவிட்டு இந்திய வங்கியிடம் வந்து நிற்கும். இந்திய வங்கி ஒருபக்கம் நீதிமன்ற உத்தரவையும் மறுபக்கம் தன் வாக்கையும் வைத்துக்கொண்டு திணறும். அதனால்தான் அனுபவமுள்ள வக்கீல்கள் வங்கியை நிறுத்துவதற்குப் பதிலாக, விற்பவரின் கையில் பணம் போய்ச் சேர்ந்தபின் அதை முடக்க வழி பார்க்கிறார்கள். விற்பவருக்கு இந்த நாட்டில் சொத்து இருந்தால் அது நடக்கும். இல்லாவிட்டால் கஷ்டம்.

இதையெல்லாம் படித்துவிட்டு என்னிடம் கேட்கும் இறக்குமதியாளர்களிடம் நான் அவர்களுடைய எல்.சி. விண்ணப்பத்தைக் காட்டச் சொல்வேன். என்னென்ன ஆவணங்கள் கேட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு. ஸ்டெய்ன் கேட்டிருந்தவை இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங், அவ்வளவுதான். ஒன்றை எழுதுவது விற்பவர்; இன்னொன்றை, மூடிய பெட்டியை வெளியிலிருந்து பார்த்து எழுதுவது கப்பல்காரர். பெட்டி மூடப்படும் முன் அதைத் திறந்து பார்த்தவர் ஒருவரின் சான்றிதழ், வாங்குபவர் தேர்ந்தெடுத்த ஆய்வு நிறுவனத்தின் கையெழுத்தோடு, மூன்றாவதாகக் கேட்கப்பட்டிருந்தால், லக்னோவில் யாராவது ஒருவர் அந்த ஐம்பது பெட்டிகளுக்குள் கைவிட்டுப் பார்த்திருப்பார்.